பதினெட்டு மில்லி

கண்ணாடிக் கம்பெனியில் அவளை மில்லி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. "ஒரு மில்லிமீட்டர் கூடினா கண்ணாடி உள்ள போகாது, ஒரு மில்லி குறைஞ்சா ஆடும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அவளும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டாள். வீட்டில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாலும் நடுவில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்ப்பாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் வீட்டுக்காரர், "டேப் கொண்டு வரட்டுமா?" என்று கேட்பார்.

கம்பெனி படிக்கட்டுத் தடுப்புகளும் கடை முகப்புகளும் செய்து கொடுத்தது. வரைபடப் பிரிவு மூன்றாவது மாடியில். வெட்டுகிற பட்டறையும் உலையும் ஊருக்கு வெளியே. மாடியில் இவர்கள் படம் போட்டுப் பொது ஃபோல்டரில் வைத்தால், பட்டறையில் அதைத் திறந்து அளவு பார்த்து வெட்டுவார்கள். வெட்டிய கண்ணாடியை உலையில் சுட்டு இறுக்குவார்கள். உலைக்குள் போய் வந்த கண்ணாடியை அதற்குப் பிறகு வெட்ட முடியாது. ஓரத்தில் ஒரு கீறல் போட்டாலும் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். அதனால் படத்தில் அளவு தப்பினால் தப்பினதுதான்.

அந்தக் கம்பெனிக்கு அவளே ஒரு ஆளைக் கொண்டுவந்து சேர்த்தாள். தங்கையின் வீட்டுக்காரன். செல்போன் ரிப்பேர் கடை ஒன்றில் இருந்தான், கடையை மூடிவிட்டார்கள். தங்கை ஒரு நாள் வந்து சமையலறையில் நின்று அழுதாள். மறுநாளே இவள் மேலாளரிடம் போய், "சார், கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் வேணும்னீங்களே, எங்க தங்கச்சி வீட்டுக்காரர் இருக்கார், கெட்டிக்காரர்" என்று சொன்னாள். அவள் எதுவும் கேட்டுப் போனவள் இல்லை என்பதால் மேலாளரும் சரி என்றார்.

அவன் கெட்டிக்காரன்தான். ஆனால் யார் என்ன புகார் சொன்னாலும் முதல் பதில், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." ஒரு மாதத்துக்குள் ரீஸ்டார்ட் என்பதே அவன் பேராகிவிட்டது. அவனை அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் அவள்தான். அவள் தம்பி என்பாள். அவன் அண்ணி என்பான்.

மூன்றாவது மாடிக்கு வந்த நெட்வொர்க் லைன் நத்தை மாதிரி. ஒரு படத்தைத் திறந்துவிட்டுத் தண்ணீர் குடித்து வரலாம், அப்போதும் பாதிதான் வந்திருக்கும். எல்லாரும் அவனைப் பிய்த்து எடுத்தார்கள். அவன் ஒரு நாள் மத்தியானம் ஒவ்வொரு மேஜையாக உட்கார்ந்து எதையோ மாற்றினான். மறுநாள் காலை, தட்டினால் படம் வந்து நின்றது. "உங்க தங்கச்சி வீட்டுக்காரர் கில்லாடிக்கா" என்று பக்கத்து சீட்டுக்காரி சொன்னபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அந்தச் சமயத்தில்தான் நூலகக் கட்டடத்துப் படிக்கட்டு வேலை வந்தது. கீழிருந்து மேல்தளம் வரை முழுக்கக் கண்ணாடித் தடுப்பு. படமெல்லாம் முடிந்து இருந்த நேரத்தில் கட்டட மேற்பார்வையாளர் போன் செய்தார். சுவரில் கல் ஒட்டச் சொல்லிவிட்டார்களாம். ஒவ்வொரு கண்ணாடியும் பதினெட்டு மில்லி குறைய வேண்டும். அவள் மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினாள். ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தாள். சேவ் செய்தாள். பட்டறைக்குப் போன் போட்டு, "புது அளவு போட்டாச்சு, ஃபோல்டர்ல இருக்கு, பாத்துக்கோங்க" என்றும் சொன்னாள்.

பட்டறையில் பார்த்தார்கள். வெட்டினார்கள். சுட்டார்கள். லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் படிக்கட்டில் நிறுத்தினால் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. எல்லாம் பழைய அளவு.

மேலாளர் அவளைக் கூப்பிட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. தன் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்து, "இதுல என்ன அளவு இருக்குன்னு நீங்களே படிங்கம்மா" என்றார்.

அவள் படித்தாள். பழைய அளவு.

"சார், நான் மாத்தினேன். என் கம்ப்யூட்டர்ல வந்து பாருங்க."

வந்தார். அவள் திரையில் அதே ஃபோல்டர், அதே பேர், அதே படம். அளவு மட்டும் புதுசு. மேலாளர் குனிந்து பார்த்தார். பின்னால் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"இதை இப்ப, விஷயம் தெரிஞ்சப்புறம் மாத்தலன்னு எப்படிம்மா தெரியும்?"

"தேதி இருக்கு சார். எப்ப சேவ் பண்ணேன்னு காட்டும், இருங்க." மவுஸைப் படத்தின் பேர் மேல் கொண்டுபோனாள்.

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் வந்தான். "இருங்க அண்ணி, இது கேஷ் பிரச்சினை மாதிரி இருக்கு, கம்ப்யூட்டர் உள்ள பழைய குப்பை தேங்கியிருக்கும். ஒரு தடவை க்ளியர் பண்ணிட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணாயிடும்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். விரல்கள் தடதடவென்று ஓடின. அவனுக்கு அது நூறு தடவை செய்த வேலை. திரை கறுத்தது, கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தது. ஃபோல்டரைத் திறந்தான்.

இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது. இப்போது அவள் திரையிலும் பழைய அளவு.

"என்ன பண்ணீங்க தம்பி? புதுசு எங்க?"

 திரையைப் பார்த்தான், கீபோர்டைப் பார்த்தான். அவன் காது மடல் சிவந்து வருவதை அவள் கவனித்தாள். அப்போது அதற்கு அர்த்தம் புரியவில்லை. மேலாளர் நிமிர்ந்து, "சரி, எல்லாரும் சீட்டுக்குப் போங்க" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கேஷ் க்ளியர் பண்ணிட்டானா? நம்ம பர்ஸ்ல கேஷ் எப்பவும் க்ளியராத்தானே இருக்கு" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவரும் அதற்கு மேல் பேசாமல் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார்.

அவள் மாற்றினாள் என்பது அவளுக்குத் தெரியும். தன் கண்ணே தன்னை ஏமாற்றியிருக்குமோ என்ற சந்தேகம் ஒரு நிமிஷம்கூட வரவில்லை. அப்படியானால் மாற்றியது எங்கே போனது? கம்ப்யூட்டர் படிப்பு அவளுக்குக் கிடையாது. ஆனால் ஒரு சுவர் நேராக இல்லை என்றால் எந்த மூலையில் கோணுகிறது என்று பார்க்கிற புத்தி உண்டு. அதையே இங்கேயும் வைத்துப் பார்த்தாள். மறுநாள் ஒரு புதுப் படத்தில் ஒரே ஒரு கோடு போட்டுப் பொது ஃபோல்டரில் சேவ் செய்தாள். பக்கத்து சீட்டுக்காரியின் கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்தாள். இல்லை. சாப்பிட்டு வந்து பார்த்தாள். அப்போதும் இல்லை. தன் திரையில் மட்டும் அந்தக் கோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

பிறகு ஒரு காரியம் செய்தாள். மேஜைக்கு அடியில் குனிந்து நெட்வொர்க் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு பொது ஃபோல்டரைத் திறந்தாள்.

திறந்தது. வயர் கையில் தொங்குகிறது; பொது ஃபோல்டர் ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லாப் படத்தையும் காட்டுகிறது.

அப்போது புரிந்தது. இத்தனை நாளும் பொது ஃபோல்டர் என்று நினைத்து அவள் திறந்ததும் சேவ் செய்ததும் பொதுவே இல்லை. லைன் மெதுவாக இருக்கும்போதெல்லாம் இந்தப் பெட்டி தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் நகலையே எடுத்துக் காட்டுகிறது. சேவ் செய்வதையும் வயிற்றிலேயே போட்டுக்கொண்டு, லைன் நன்றாகும்போது அனுப்பலாம் என்று உட்கார்ந்திருக்கிறது. லைன் நன்றாகவே இல்லை. அவள் போட்ட புது அளவு அந்த வயிற்றில் மட்டும்தான் இருந்தது. அதைத்தான் அவன் எல்லார் முன்னாலும் துடைத்துப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனாள். கைக்குழந்தை தூளியில் தூங்கியது. அவள் குரலை உயர்த்தாமல் வயரைப் பிடுங்கின கதையைச் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன்பே அவன் தலை தொங்கிவிட்டது.

"எனக்குத் தெரியும் அண்ணி. துடைச்ச அந்த நிமிஷமே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் தம்பி வாயைத் திறக்கல?"

"லைன் மெதுவா இருக்குன்னு அந்த வசதியைப் போட்டதே நான்தானே. மேல யார்கிட்டயும் கேக்கல. இப்ப சொன்னா என்னை நிக்க வெச்சு அனுப்பிடுவாங்க. உங்களுக்கு இத்தனை வருஷ சர்வீஸ் இருக்கு, உங்களை ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

தங்கை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இந்தக் குழந்தையை வெச்சுக்கிட்டு மறுபடியும் நான் எங்க போவேன்? நீ கொஞ்சம் பொறுத்துக்கோயேன். கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க."

 ஒரு வார்த்தை போதும். திங்கட்கிழமை மேலாளர் முன்னால் வயரைப் பிடுங்கிக் காட்டினால் போதும். தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. "சரி" என்றாள். "ஆனா எல்லா சீட்லயும் அந்தக் கருமத்தை எடுத்துடுங்க தம்பி. இன்னொருத்தருக்கு இது நடக்கக் கூடாது."

எடுத்துவிடுகிறேன் என்றான். எடுத்தும் விட்டான், பராமரிப்பு வேலை என்று சொல்லி ஒவ்வொரு மேஜையாக.

மாடியில் யாரும் மறக்கவில்லை. அந்த மாதமே அவளைப் பட்டறைக்கு மாற்றினார்கள். படம் போட்ட கைக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. ஒவ்வொரு கண்ணாடிக்கும் அளவும் இடமும் போட்ட ஸ்டிக்கரை வெட்டும்போதே அச்சடித்து, உலையிலிருந்து ஆறி வந்ததும் ஒட்ட வேண்டும். தகரக் கூரை, உலைச் சூடு, காதைப் பிளக்கும் சத்தம். மில்லி அக்கா என்ற பேரும் மாடியோடு போய்விட்டது. பட்டறைப் பையன்கள் அவளுக்குப் பதினெட்டு என்று பேர் வைத்தார்கள். "பதினெட்டு வந்தாச்சா?" "பதினெட்டைக் கேளு." முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், காதில் விழுகிற தூரத்தில் சொல்வார்கள். அவள் திரும்பிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவும்போது, ஸ்டிக்கர் பசை நகக்கண்ணிலிருந்து போகாமல் அவஸ்தைப்படும்போது மட்டும், வாயைத் திறந்தால் ஒரே நிமிஷ வேலை என்று நினைத்துக்கொள்வாள். உடனே தூளி ஞாபகம் வரும். நம்மால் ஒரு குடும்பம் நிற்கிறது என்று மனசைத் தட்டிக்கொடுத்துக்கொள்வாள். அந்த ஒரு நினைப்பை வைத்துத்தான் இரண்டு வருஷம் ஓட்டினாள்.

அவன் நன்றாக வந்தான். வருஷ விழாவில் சிறந்த ஊழியர் என்று மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவளும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள்.

பட்டறைக்குப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. வந்த சில நாளில் மருத்துவமனை வரவேற்பறைக் கதவுக்கான கண்ணாடி வெட்டு மேஜைக்கு ஏறியது. ஸ்டிக்கர் அச்சடிக்க அளவைப் பார்த்த அவளுக்கு நெருடியது. அந்த வேலைக்கென்று வந்திருந்த கீல்கள் ஒரு கதவுக்குத்தான் காணும். படத்தில் இருந்தது இரட்டைக் கதவு அளவு. மாடிக்குப் போன் போட்டாள். அவள் பழைய சீட்டில் இப்போது உட்காரும் பெண் எடுத்தாள்.

"அக்கா, அது ஒத்தைக் கதவா மாறிடுச்சே. நான் நேத்தே மாத்திப் போட்டுட்டேன்."

"இங்க பழசுதாம்மா காட்டுது."

 "ஐயோ, நான் சேவ் பண்ணேன்க்கா, சத்தியமா சேவ் பண்ணேன்" என்று அந்தப் பெண் விம்ம ஆரம்பித்துவிட்டாள்.

அவள் போனை வைத்தாள். உலைக்காரரிடம் போய், "அண்ணே, இந்த லோடை உள்ள விடாதீங்க" என்றாள். "யார் சொன்னது?" என்றார் அவர். "நான் சொல்றேன்" என்றாள். அந்தக் குரலைப் பட்டறையில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. பிறகு புதுக் கம்ப்யூட்டரின் பின்னால் கையை விட்டு வயரைப் பிடுங்கினாள். பொது ஃபோல்டர் அப்படியே திறந்து நின்றது. மாடியில் எடுத்துப்போட்ட அந்த வசதி, பழைய அமைப்பை அப்படியே நகலெடுத்து ஏற்றியதில் இங்கே வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

அவள் போன் போட்டுச் சொன்னதும் மேலாளர் அவனையும் அழைத்துக்கொண்டு வந்தார். அவன் வயரைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான். நாற்காலியை இழுத்தான்.

"கை வைக்காதீங்க தம்பி. முதல்ல சார் பாக்கட்டும்."

மேலாளர் பார்த்தார். வயர் இல்லாமல் திறக்கிற ஃபோல்டரையும், அதிலிருந்த பழைய அளவையும், தன் லேப்டாப்பில் இருந்த புது அளவையும் பார்த்தார். "நல்லவேளை, உலைக்குப் போகல" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். அந்தப் பெண்ணின் விம்மல் அவள் காதில் இன்னும் இருந்தது. "சார், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. அன்னிக்கு நூலக வேலையிலயும் இதேதான் நடந்துது. நான் புது அளவு போட்டேன். அது என் கம்ப்யூட்டர் உள்ளயே நின்னுபோச்சு. இவர் துடைச்சதுல அழிஞ்சுது. இது இவருக்கும் தெரியும்" என்றாள். இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல். புரட்டிப் போட்டுவிட்டுக் கண்ணை மூடாமல் நின்றாள். அவனுக்கு என்ன ஆகப் போகிறதோ என்றிருந்தது.

மேலாளர் அவனைப் பார்க்கவே இல்லை. கைக்கடிகாரத்தைச் சரி செய்துகொண்டார்.

"அது தெரிஞ்ச விஷயம்தானேம்மா. இவர் அப்பவே எங்கிட்ட சொல்லிட்டார்."

அவளுக்கு முதலில் காதில் ஏறவில்லை. "எப்ப?"

"மறுநாளே. என்னம்மா பண்ணச் சொல்றீங்க? எங்க கம்ப்யூட்டர்ல எது புதுசு எது பழசுன்னு எங்களுக்கே தெரியலன்னு கட்டடக்காரங்ககிட்ட சொல்ல முடியுமா? அதுக்கு முன்னாடி குடுத்த படத்தையெல்லாம் திருப்பிக் கேப்பாங்க. ஒரு ஆள் தவறிட்டாங்கன்னா அதோட முடிஞ்சுது."

"அந்த ஒரு ஆள் நான்."

"உங்களை வேலையை விட்டா அனுப்பினேன்? அதெல்லாம் பழைய கதை. இன்னிக்கு நல்ல வேலை பண்ணியிருக்கீங்க." அவர் போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். மறுநாளே. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை தூளிக்குப் பக்கத்தில் அவன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. அவன் வேலைக்கு அப்போது ஒரு ஆபத்தும் இல்லை. யாருக்குத் தெரியக் கூடாது என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாளோ, அந்த ஆளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது.

"சார்தான் யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னார் அண்ணி. உங்களைச் சமாதானப்படுத்தச் சொன்னார். வேற எப்படிச் சொன்னாலும் நீங்க கேக்க மாட்டீங்கன்னு..."

"சரி சார்" என்றாள் அவள்.

அவன் முகம் செத்துப்போனது. அவள் வேண்டுமென்று சொல்லவில்லை; தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டாள். யாரும் இருக்கச் சொல்லவில்லை. மேலாளர் மட்டும், "அவசரப்படாதீங்க" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மர அலமாரி செய்யும் சின்னக் கடை ஒன்றில் படம் போடுகிற வேலை கிடைத்தது. ஒரே அறை, ஒரே கம்ப்யூட்டர், தச்சர் ஒருவர் பக்கத்தில் நின்று அவள் போட்ட படத்தைப் பார்த்தே பலகையில் கோடு கிழிப்பார். சம்பளம் குறைவு. பஸ்ஸும் இரண்டு மாற வேண்டும். அந்த வயதில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது அவளுக்கு அவமானமாகத்தான் இருந்தது. நல்லதே நடந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தங்கை போன் செய்தால் பேசுவாள். குழந்தை எப்படி இருக்கிறது, சளி போயிற்றா என்று கேட்பாள். அவர்கள் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தாள். சுற்றி வளைத்துப் பேசினாள். பிறகு, "அவர் கீழ வண்டிகிட்ட நிக்கிறார்க்கா. மேல வரக் கூச்சப்படறார்" என்றாள்.

அவள் ஜன்னலுக்குப் போகவில்லை. "ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லு. அன்னிக்கு என் கையைப் பிடிச்சியே, அப்ப உனக்குத் தெரியுமா?"

தங்கை குழந்தையின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டாள். "அப்பத் தெரியாதுக்கா. பின்னாடி தெரியும்."

"எவ்வளவு பின்னாடி?"

தங்கை குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். அது ஓடிப் போய் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டது.

அவள் சமையலறைக்குப் போய் டீ போட்டாள். தங்கைக்கு ஒரு கப், வீட்டுக்காரருக்கு ஒரு கப். பாத்திரத்தில் இன்னும் ஒரு கப் மிச்சம் இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அதையும் ஊற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். "கீழ குடுத்துட்டு வாங்க."

அவர் வாங்கிக்கொண்டு இறங்கினார். தங்கை கண்ணைத் துடைத்தாள். அது தன்னை மன்னித்ததற்கான அடையாளம் என்று நினைத்துக்கொண்டாள் போல. இவள் அதைத் திருத்தப் போகவில்லை.

அவர் காலிக் கப்போடு திரும்பி வந்தார்.

"குடிச்சாரா?"

"குடிச்சான்."

"ஏதாவது சொன்னாரா?"

அவர் கப்பைக் கழுவப் போட்டார். "சர்க்கரை கம்மியாம்" என்றார்.